பி.ஆர்.ஓ.வுக்கு எதற்கு அங்கீகாரம்? டெல்டாவிலிருந்து ஒரு பார்வை

டெல்டாவில் பி.ஆர்.ஓ., அதாவது மக்கள் தொடர்பு அலுவலர், என்றால் இடத்துக்கு இடம் வேறு ஆள். கலெக்டர் அலுவலகத்தில் அவர் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர். அமைச்சர் வருகை, விவசாயிகள் குறைதீர் கூட்டம், தூர்வாரும் பணி ஆய்வு என்று எது நடந்தாலும் மாலைக்குள் படமும் செய்திக்குறிப்பும் பத்திரிகைகளுக்குப் போயாக வேண்டும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ தனியார் மருத்துவமனையில் அதே பெயரில் இருப்பவர், வரவேற்பில் நின்று காப்பீட்டு அட்டைக்கு வழி சொல்வார்; இல்லையென்றால் பைக்கில் ஊர் ஊராகப் போய், சின்னச் சின்ன கிளினிக்குகளில் ‘கேஸ் வந்தா நம்ம ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க சார்’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். கல்லூரி பி.ஆர்.ஓ.வுக்குப் பிளஸ் டூ முடிவு வரும் சமயத்தில் அட்மிஷன் டார்கெட் கழுத்தை நெரிக்கும். சினிமாவில் அந்தப் பதவிக்கு வேறொரு பரம்பரையே இருக்கிறது. 1958இல் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொடங்கிவைத்தது.

இவர்களில் அரசுப் பணியில் இருப்பவர் மட்டும் ஏதோ ஒரு தேர்வைத் தாண்டி வந்திருக்க வாய்ப்பு உண்டு. உதவி மக்கள் தொடர்பு அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்தியிருக்கிறது. மற்றவர்களுக்கு வாசலில் காவலே கிடையாது. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்க, 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த மருந்தாளுநர் வேண்டும். கணக்குத் தணிக்கைக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டயக் கணக்காளர் வேண்டும். கோர்ட்டில் வாதாட 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி பார் கவுன்சில் பதிவு வேண்டும். ஒரு பெரிய மருத்துவமனையின் சார்பில் ஊருக்கே பேசுவதற்கு, கொஞ்சம் பேச்சுத் திறமையும் ஒரு பைக்கும் இருந்தால் போதும்.

இப்படிப்பட்ட ஒரு வேலைக்குத் தொழில்முறை அங்கீகாரம் என்று ஒன்று உலகில் இருக்கிறது. அதைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது என்ன, அதில் எதைச் சோதிக்கிறார்கள், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: வேலைக்கு எடுக்கும் முதலாளி இதைக் கேட்கப் போவதில்லை. இதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது.

நம் பக்கத்தில் அங்கீகாரம் என்ற பேச்சு வந்தாலே நினைவுக்கு வருபவை வேறு. பத்திரிகையாளர்களுக்கு அரசு தருகிற அங்கீகார அட்டை ஒன்று. கல்லூரிக்கு நாக், மருத்துவமனைக்கு என்.ஏ.பி.ஹெச். என்ற தரச் சான்றுகள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் கல்லூரி, மருத்துவமனை பி.ஆர்.ஓ.க்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. குழு வருவதற்கு முன் ராத்திரி பகலாக ஃபைல் தயார் செய்வதும், வந்தவர்களை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவதும், மறுநாள் பத்திரிகையில் ‘ஏ பிளஸ் தகுதி’ என்று செய்தி வரச் செய்வதும் அவர்கள்தான். நிறுவனத்துக்குத் தரம் போட ஒரு குழு வருகிறது. அந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசுகிறவருக்குத் தரம் போட யாரும் வருவதில்லை. அவர் விரும்பினால் தானாகப் போய்த்தான் நிற்க வேண்டும்.

டிப்ளமோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமும் தெளிவாக வேண்டும். டிப்ளமோ என்பது படித்து முடித்ததற்குச் சாட்சி. வேலைக்குப் போகும் முன்பே வாங்கிவிடலாம். உரிமம் என்பது சட்டம் தருவது. இல்லாமல் தொழில் செய்தால் குற்றம். தொழில்முறை அங்கீகாரம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, அதே தொழிலில் இருக்கும் மூத்தவர்கள் முன்னால் போய் உட்கார்ந்து, ‘எனக்கு இந்த வேலை தெரியும்’ என்று காட்டி வாங்குவது. கட்டாயம் இல்லை.

உரிமமாகவே ஆக்கிவிட வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான எட்வர்ட் பெர்னேஸ் 1995இல் தமது 103ஆம் வயதில் காலமானார். தள்ளாத வயதிலும் அமெரிக்காவில் மக்கள் தொடர்பாளர்களுக்கு உரிமம் கட்டாயமாக்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டே இருந்தார். அங்கே அது நடக்கவில்லை. பிரேசில் 1967இல் சட்டமே போட்டது. நைஜீரியாவில் 1990இல் வந்த ஆணைப்படி மக்கள் தொடர்பாளர்கள் அந்நாட்டு நிறுவனத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. வர வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. யார் ஊருக்குப் பேசலாம், யார் பேசக் கூடாது என்று அரசாங்கம் பட்டியல் வைத்திருப்பது பேச்சுச் சுதந்திரத்தில் கை வைப்பதாகத்தான் போய் முடியும். ஒரு கிராமத்துப் போராட்டக் குழுவின் சார்பில் பத்திரிகைக்கு அறிக்கை எழுதித் தருகிற இளைஞனிடம் உரிமம் எங்கே என்று கேட்டால் என்ன ஆகும்?

ஆகவே தன்னார்வ வழிதான் மிச்சம். அமெரிக்காவின் மக்கள் தொடர்புச் சங்கமான பி.ஆர்.எஸ்.ஏ. 1964இல் ஏ.பி.ஆர். என்ற அங்கீகாரத்தைக் கொண்டுவந்தது. 1998 முதல் பல சங்கங்கள் சேர்ந்த யுனிவர்சல் அக்ரெடிடேஷன் போர்டு அதை நடத்துகிறது. இங்கிலாந்தில் 1948இல் தொடங்கிய சங்கம் 2005இல் அரச பட்டயம் பெற்று சி.ஐ.பி.ஆர். ஆனது, நம் ஊர் பட்டயக் கணக்காளரைப் போல அங்கே பட்டய மக்கள் தொடர்பாளர் என்று ஒருவர் ஆகலாம். ஐ.ஏ.பி.சி. என்ற சர்வதேசச் சங்கத்தின் வழியாக வந்த சி.எம்.பி., எஸ்.சி.எம்.பி. என்ற இரண்டு சான்றுகளும் இருக்கின்றன. இரண்டாவது அனுபவம் கூடியவர்களுக்கு. நம் நாட்டில் 1958இல் உருவான பி.ஆர்.எஸ்.ஐ. சங்கம் இருக்கிறது. அதன் முதல் அகில இந்திய மாநாடு 1968 ஏப்ரல் 21இல் புதுடில்லியில் நடந்தது. நெறிமுறைத் தொகுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது. தேசிய மக்கள் தொடர்பு நாள் என்று இன்று கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான்.

ஏ.பி.ஆர். எப்படி நடக்கிறது என்று பார்த்தால் மற்றவற்றின் போக்கும் ஓரளவு புரிந்துவிடும். ஐந்து ஆண்டு அனுபவமாவது இருந்தால் நல்லது என்பது அவர்கள் சொல்லும் அளவு. விண்ணப்பம் ஏற்கப்பட்டதும், நீங்கள் செய்த வேலைகளைப் பற்றிய கேள்வித்தாளை நிரப்பி, ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற மூன்று பேர் முன்னால் உட்கார வேண்டும். உங்கள் கையால் நடந்த ஒரு திட்டத்தை அவர்களுக்கு விளக்க வேண்டும். அதில் தேறினால் கணினியில் கொள்குறித் தேர்வு. அதிலும் தேறினால் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து. அதோடு முடியவில்லை, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, தொடர்ந்து கற்றுக்கொண்டும் தொழிலுக்கு ஏதாவது செய்துகொண்டும் இருக்கிறீர்கள் என்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

தேர்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே விஷயத்தைப் பற்றியது: ஆய்வு, திட்டம், செயல்பாடு, மதிப்பீடு என்ற நான்கு படிகள். தலைமைப் பொறுப்பு, உறவுகளைப் பேணுவது, அறமும் சட்டமும், நெருக்கடி, இந்தத் துறையின் கோட்பாடும் வரலாறும் ஆகியவை மீதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. செய்திக்குறிப்பு எப்படி எழுதுவது என்பது அதில் பெரிய இடத்தைப் பிடிப்பதில்லை. நம் ஊர் பி.ஆர்.ஓ.வின் அன்றாடத்தில் எது முக்கால்வாசியோ, அது தேர்வில் கால்வாசிகூட இல்லை.

நான்கு படி என்றால் வகுப்பறைப் பாடம் மாதிரித் தெரியும். வயலில் இறக்கிப் பார்ப்போம்.

சம்பா பயிர்க் காப்பீட்டை எடுத்துக்கொள்ளலாம். 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், சம்பா போன்ற பருவத்துக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். பதிவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. முன்பெல்லாம் பயிர்க்கடன் வாங்கினாலே காப்பீடும் சேர்ந்துவிடும். 2020 முதல் கடன் வாங்கியவருக்கும் அது விருப்பம்தான் என்று ஆனது. ஆக, எடுத்துச் சொல்லிச் சேர்க்கும் வேலைக்கு முன்னைவிட அவசியம் அதிகம். தலைஞாயிறு பக்கம் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் இதற்காக ஒரு பி.ஆர்.ஓ.வை நியமிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பாதை நமக்குத் தெரியும். ‘பயிர்க் காப்பீடு விழிப்புணர்வுப் பேரணி’ என்று ஒரு பேனர், பள்ளி மாணவர்கள் ஊர்வலம், வட்டாட்சியர் கொடியசைத்துத் தொடங்கிவைக்கும் படம், துண்டறிக்கை, ஆட்டோவில் ஒலிபெருக்கி. (தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022இல் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கு எழுதிவிட்டதால் இப்போது ஒலிபெருக்கி வண்டிதான்.) மறுநாள் நான்கு பத்திரிகைகளில் செய்தி. வேலை முடிந்தது.

ஆய்வை முதலில் வைத்தால் கதை வேறு மாதிரிப் போகும். ஊரில் போய் முப்பது நாற்பது பேரிடம் உட்கார்ந்து பேசினால் காப்பீடு என்ற ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பது தெரியவரும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்துப்போட்ட ஊர்கள் அவை. காப்பீடு வந்தவர் யார், வராதவர் யார் என்று வீடு வீடாகச் சொல்வார்கள். அவர்களுக்குப் பஞ்சம் விழிப்புணர்வில் இல்லை. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்பதற்கு வி.ஏ.ஓ. தரும் சான்றான அடங்கல் கிடைப்பதில்தான். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். அதில் பயிர் வைப்பவர்களில் வாய்மொழிக் குத்தகைக்காரர்கள் நிறைய. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் வந்துவிட்டாலும் பதிவேட்டில் பெயர் ஏறாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிவேட்டில் தாத்தா பெயர் இருக்கும், உழுகிறவர் பேரனாக இருப்பார். வி.ஏ.ஓ.விடம் போய் நின்றால் ‘நிலம் உங்க பேர்ல இல்லையே’ என்பார். இவரிடம் போய்ப் பேரணி நடத்தி என்ன பயன்?

இந்த இடத்தில் திட்டமே மாறுகிறது. பேச வேண்டிய ஆள் விவசாயி மட்டும் இல்லை, வி.ஏ.ஓ., கோயில் செயல் அலுவலர், கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளர் ஆகியோரும்தான். நோக்கத்தை ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று எழுத முடியாது. ‘தேர்ந்தெடுத்த பத்து ஊர்களில் இதுவரை பதியாத குத்தகை விவசாயிகளில் பாதிப் பேராவது நவம்பர் 15க்குள் பதிவு முடித்திருக்க வேண்டும்’ என்று எழுத வேண்டியிருக்கும். செலவில் பெரும்பங்கு பேனரிலிருந்து, அடங்கலுக்காக ஊரிலேயே நடத்தும் சிறப்பு முகாமுக்குப் போகும். கடைசியில் மதிப்பீட்டுக்கு எண்ண வேண்டியது பத்திரிகைக் கத்தரிப்புகளை இல்லை, இ-சேவை மையத்தில் கொடுத்த ரசீதுகளை. மூன்று பேர் குழு கேட்கும் கேள்விகளும் இவைதான். ஏன் இந்த மக்களைத் தேர்ந்தெடுத்தீர்கள், எதை வைத்து முடிவு செய்தீர்கள், நடந்தது உங்கள் வேலையால்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ‘பேரணி சிறப்பாக நடந்தது’ என்ற பதிலுக்கு அங்கே மதிப்பெண் இல்லை.

மதிப்பீடு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. வந்த செய்தியை ஸ்கேலால் அளந்து, அந்தப் பத்திரிகையின் விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, ‘சார், இந்த மாதம் இத்தனை லட்சம் மதிப்புள்ள செய்தி இலவசமாக வந்திருக்கிறது’ என்று முதலாளியிடம் காட்டுவது. முதலாளிக்குச் சந்தோஷம், பி.ஆர்.ஓ.வுக்கு இன்கிரிமென்ட். 2010இல் இந்தத் துறையின் அளவீட்டு அமைப்புகள் பார்சிலோனாவில் கூடி ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளில் ஒன்று, விளம்பரக் கட்டணத்தைக் கொண்டு மக்கள் தொடர்பின் மதிப்பைச் சொல்லக் கூடாது என்பது. ஆண்டுகள் ஆகியும் அது நம் ஊர்களில் பலரது காதுக்கு வரவில்லை. வந்தாலும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கணக்கை எடுத்துவிட்டால் மாத அறிக்கையில் வைக்க வேறு எதுவும் இல்லை.

இனி அறத்துக்கு வருவோம். அங்கீகாரத்துக்கு டெல்டாவில் ஒரு நியாயம் இருக்கிறதென்றால் அது இங்கேதான் என்பது என் எண்ணம்.

மருத்துவமனை பி.ஆர்.ஓ.வின் பைக் பயணத்தை மறுபடி எடுத்துக்கொள்வோம். நோயாளியை அனுப்பிவைத்ததற்காக டாக்டர் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி தவறு. நோயாளியை அடையாளம் தெரியும்படி அனுமதி இல்லாமல் படம் போடுவதும் அதே விதிகளின்படி தவறு. இரண்டுக்கும் டாக்டர்மேல் புகார் செய்யலாம், அவருடைய பதிவுக்கே ஆபத்து வரலாம். ஆனால் கமிஷன் கவரைச் சட்டைப் பையில் வைத்து எடுத்துப்போகிறவர் யார்? அறுவை முடிந்து மயக்கம் தெளியாத பெரியவர் பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்து, ‘டெல்டாவிலேயே முதன்முறையாக’ என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப் குழுக்களில் ஏற்றுகிறவர் யார்? பி.ஆர்.ஓ.தான். அவரை இழுத்துக் கேட்க ஒரு கவுன்சிலும் கிடையாது. நிர்வாகம் செய் என்கிறது, செய்கிறார். மாட்டேன் என்று சொல்ல அவர் சாய்ந்து நிற்க ஒரு சுவர் இல்லை. ‘எங்க சங்கத்து விதியில இதுக்கு இடம் இல்ல சார், எழுதிக் கொடுத்திருக்கேன்’ என்று சொல்ல முடிந்தால், அந்தப் பேச்சின் எடை வேறு.

பத்திரிகையாளர் சந்திப்பு முடிந்ததும் கைமாறும் கவரும் இப்படித்தான். இது டெல்டாவுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை, எல்லா ஊரிலும் பேச்சுண்டு. பெட்ரோல் செலவுக்கு என்று கொடுப்பவர் சொல்வார். சொற்பச் சம்பளத்தில் ஊர் ஊராக அலையும் பகுதிநேர நிருபர்கள் நிலையைப் பார்த்தால் அந்தச் சமாதானத்தில் பாதி உண்மையும் இருக்கிறது. பி.ஆர்.எஸ்.ஏ. நெறிமுறையில் இதற்கு நேர் உதாரணமே உண்டு: பனிச்சறுக்குப் பலகை தயாரிக்கும் நிறுவனத்துக்காக வேலை பார்ப்பவர், நல்லதாக எழுத வைக்கும் எண்ணத்தில் ஒரு விளையாட்டுப் பத்திரிகைக் கட்டுரையாளருக்கு விலையுயர்ந்த பலகை ஒன்றைப் பரிசளிப்பது. அது விதிமீறல். பலகைக்குப் பதில் தீபாவளி ஸ்வீட் பாக்ஸும் அதற்குள் ஒரு கவரும் என்று வைத்துப் பார்த்தால் மொழிபெயர்ப்பே வேண்டாம்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த நெறிமுறைக்கும் பல் குறைவு. 2000ஆம் ஆண்டில் திருத்தி எழுதியபோதே, தண்டிப்பதைவிடக் கற்பிப்பதே நோக்கம் என்று அந்தச் சங்கம் ஒதுங்கிக்கொண்டது. அரசு அமைப்போ நீதிமன்றமோ ஒருவரைக் குற்றவாளி என்று சொன்ன பிறகு உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டது. அங்கீகாரம் வாங்கியவரெல்லாம் யோக்கியர் என்று இதை வைத்து யாரும் சான்று கொடுக்க முடியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவருக்கு அந்தக் கையெழுத்து எப்போதாவது உறுத்தும், அவ்வளவுதான்.

நெருக்கடிப் பாடம் டெல்டாக்காரர்களுக்குப் புதிதில்லை. இந்தத் தொழிலின் வரலாறே ஒரு விபத்திலிருந்துதான் ஓர் அடி முன்னே வைத்தது. 1906இல் பென்சில்வேனியா ரயில் கம்பெனியின் ரயில் அட்லாண்டிக் சிட்டி அருகே கவிழ்ந்தபோது, மூடி மறைக்காமல் நிருபர்களை அங்கேயே அழைத்துப்போய் விவரம் கொடுக்கச் செய்தவர் ஐவி லீ. உலகின் முதல் செய்திக்குறிப்பு என்று பலர் குறிப்பிடுவது அப்போது அவர் வெளியிட்டதைத்தான். 2018 ஆகஸ்ட் 22 இரவு, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடக் கரையில் இருப்பவனுக்கு வெள்ளம் வருமா என்ற கேள்வி. காவிரியின் கடைமடையில் இருப்பவனுக்கு இனித் தண்ணீர் வருமா என்ற கேள்வி. ஒரே நிகழ்வு, நேரெதிரான இரண்டு பயம். ஒரே அறிக்கையால் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல முடியாது. அதிகாரப்பூர்வத் தகவல் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்தையும் வாட்ஸ்அப் நிரப்பிவிடும். யார் பேசுவது, முதல் ஒரு மணி நேரத்தில் எதைச் சொல்வது, தெரியாததை எப்படித் தெரியாது என்று சொல்வது என்பதையெல்லாம் மதகு உடைவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம்.

உறவுகள் என்ற பகுதிக்கு 2017ஆம் ஆண்டே போதும். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எரிவாயு, எண்ணெய்த் திட்டங்களுக்கு எதிராக மக்கள் உட்கார்ந்தார்கள். கேட்டது நிலத்தைப் பற்றி, நிலத்தடி நீரைப் பற்றி. 2020இல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. இப்படிப்பட்ட மோதலைப் புரிந்துகொள்ள ஒரு பழைய பாகுபாடு உதவும்: 1984இல் கிரூனிக், ஹண்ட் என்ற இருவர் மக்கள் தொடர்பை நான்கு மாதிரிகளாகப் பிரித்தார்கள். வெறும் விளம்பரம், தகவல் தருவது, மக்கள் மனதை அறிந்து அதற்கேற்ப வளைப்பது, கடைசியாக இரு தரப்பும் மாறத் தயாராகப் பேசுவது. பி.ஆர்.ஓ. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மேலே இருப்பவர் முடிவை மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லாதபோது நான்காவதற்கு வழியே இல்லை. தேர்வில் தலைமைப் பொறுப்புக்குத் தனி இடம் ஒதுக்கியிருப்பதன் காரணம் இங்கே விளங்கும். முடிவு எடுக்கும் அறையில் நாற்காலி இல்லாதவர், முடிவு வந்த பிறகு அதற்கு வெள்ளையடிக்கத்தான் முடியும்.

சரி, தடைகளுக்கு வருவோம். முதல் தடை மொழி. டெல்டா பி.ஆர்.ஓ.வின் வேலை முழுக்கத் தமிழில் நடக்கிறது, ஏ.பி.ஆர். தேர்வும் குழுவும் ஆங்கிலத்தில். முறைப்பாசனம், கடைமடை, கோயில் குத்தகை என்று ஒன்றும் அறியாத மூன்று பேருக்கு நம் வேலையைப் புரியவைக்க வேண்டும். இரண்டாவது தடை சட்டப் பகுதி. அது அமெரிக்கச் சட்டத்தை ஒட்டியது. பேச்சுச் சுதந்திரம் பற்றிய அவர்கள் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைப் படிக்கும் நேரத்தில் இங்கே நமக்குத் தேவைப்படுவது 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம், அற்புத மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போன்றவை. இவற்றைத் தனியாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது பணம். டாலரிலும் பவுண்டிலும் கட்டணம். டெல்டாவில் வாங்கும் மாதச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் லேசான தொகை இல்லை, நிர்வாகம் கொடுக்கும் என்று நம்பவும் முடியாது.

அப்படியென்றால் யாருக்கு இது? மருத்துவமனையில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டு ஆன பையனுக்கு நிச்சயமாக இல்லை. அவருக்கு இப்போது தேவை நல்ல தமிழில் பிழையில்லாமல் எழுதுவதும், ஒரு கேள்வித்தாள் தயாரித்து ஐம்பது பேரிடம் போய்க் கேட்டு வருவதும். அரசு அலுவலருக்கும் பெரிதாக உதவாது, அவருடைய பதவி உயர்வு வேறு வழியில் நடக்கிறது. திருச்சி பெல், காரைக்காலை மையமாகக் கொண்ட ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் பிரிவு, கும்பகோணத்தில் தலைமையகம் உள்ள சிட்டி யூனியன் வங்கி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற பெரிய நிறுவனங்களில் எட்டுப் பத்து ஆண்டு அனுபவத்தோடு, நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் இடத்துக்கு வந்துகொண்டிருப்பவருக்கு இது பொருந்தும். வெளிநாட்டு நிதியில் நடக்கும் தொண்டு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கும், சென்னைக்கோ வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகும் எண்ணம் இருப்பவர்களுக்கும் அந்த மூன்று எழுத்து பயோடேட்டாவில் பேசும். தனியாக ஏஜென்சி தொடங்கி வாடிக்கையாளரிடம் முழுக் கட்டணம் கேட்கத் தைரியம் தேடுபவர் ஒருவேளை இவர்கள் எல்லோரையும்விட அதிகம் பயன் பெறுவார்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் என் யோசனை இது. பல நாட்டுக்காரர்களையும் மனதில் வைத்து அமைத்த ஐ.ஏ.பி.சி. வழிச் சான்றுகள், குறிப்பிட்ட ஒரு நாட்டுச் சட்டத்தில் அதிகம் ஊறாதவை. அந்த வகையில் நமக்கு வசதி. சி.ஐ.பி.ஆர். வழியில் போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் என்ன கற்றார் என்று பதிந்துவர வேண்டும். கடைசியில் அறம், உத்தி, தலைமை மூன்றையும் பற்றி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேச வேண்டும். மனப்பாடத்தில் சிரமப்படுகிற, ஆனால் அனுபவத்தை விளக்கிப் பேசத் தெரிந்தவர்களுக்கு அது கொள்குறித் தேர்வைவிட உகந்தது. எதற்கும் முன்னால் பி.ஆர்.எஸ்.ஐ.யின் சென்னைக் கிளையில் உறுப்பினராகிவிடுவது நல்லது. செலவு குறைவு, இந்தத் தொழிலில் நம்மைப் போல எத்தனை பேர் என்று கண்ணால் பார்க்கவாவது முடியும்.

தயாரிப்பை எப்போது தொடங்குவது என்பதும் இங்கே பருவத்தைப் பொறுத்தது. கல்லூரிக்காரர்கள் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை புத்தகத்தைத் தொடவே முடியாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புயல், வெள்ளம் என்று அரசுப் பக்கமும் தொண்டு நிறுவனங்களும் ஓய்வில்லாமல் இருக்கும். பொங்கல் முடிந்து மார்ச் வரைக்கும் உள்ள இடைவெளியில், கையில் இருக்கும் பழைய வேலை ஒன்றை எடுத்து நான்கு படிகளாக எழுதத் தொடங்கலாம். எழுதும்போது ஆய்வு என்ற தலைப்பின் கீழ் போட எதுவும் கிடைக்காவிட்டால், விண்ணப்பத்தை ஓர் ஆண்டு தள்ளிவைத்துவிட்டு, அடுத்த வேலையை அந்த முதல் படியிலிருந்து செய்து பார்ப்பது கட்டணத்தை மிச்சப்படுத்தும்.